பொட்டு வைத்த காருக்கு வாரண்டி கிடையாது

சிங்கப்பூர் தேக்காவில் நின்றுகொண்டு "தங்கம்" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். "மேக்கப் தங்கம்" என்று கேட்டால் வாழைப்பழக்காரரும் மீன்காரரும் ஒரே நேரத்தில் பஃப்ளோ ரோட்டு மாடியைக் காட்டுவார்கள். மாடியில் ஒரே ஓர் அறை. அறை முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எழுந்த மணப்பெண்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போகும். குடிநுழைவுக்காரர்கள் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

அக்காவுக்கு அறுபத்தோரு வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மெதுவாகப் பேசினால் எம்ஆர்டிக்குள் நிற்பவனுக்குக் கேட்கும். சத்தமாகப் பேசினால் ரயில் அடுத்த ஸ்டேஷனில் நிற்காமல் ஓடிவிடும். பக்கத்து அறையில் ரவிக்கை தைக்கிற எனக்கு இருபது வருடமாக ரேடியோ வாங்கும் செலவு மிச்சம்.

இப்பேர்ப்பட்ட அக்கா, வாழ்நாள் முழுக்க மற்றவர் வீட்டுப் பெண்களைச் சொகுசுக் காரில் ஏற்றி, சேலைக் கொசுவம் கதவில் மாட்டாமல் இழுத்துவிட்டு, கை அசைத்துவிட்டு, தன் மேக்கப் பெட்டியோடு பஸ்ஸைப் பிடித்து மண்டபத்துக்குப் போவார். பெட்டியின் எடைக்கு பஸ் ஒரு பக்கம் சாயும்.

போன வருடம் செங்காங்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மேக்கப் ஆன்ட்டி, கார்ல எடமில்ல. நீங்க பஸ்ல வந்துருங்களேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து மழை. அக்கா போய்ச் சேருவதற்குள் பொண்ணு அம்மாவை நினைத்து அழுது, கண் மை தாடை வரை இறங்கிவிட்டது. அந்த ஆல்பத்தை இப்போது பார்த்தாலும் மாப்பிள்ளை ஒரு பாண்டாக் கரடிக்குத் தாலி கட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

அன்று சாயங்காலம் மாடியே அதிர்ந்தது.

"இனிமே என் பொண்ணுங்க என் கார்லதான் மண்டபத்துக்கு வரும். காசு ஒத்த வெள்ளி வாங்க மாட்டேன். நான் மேக்கப் போட்ட மூஞ்சி, மேடை ஏறுற வரைக்கும் என் பொறுப்பு. எந்தச் சித்தி வந்து முன்சீட்ல உக்கார்றான்னு பாக்கறேன்!"

சொன்னதைச் செய்தார். முத்து வெள்ளையில் ஒரு ஜெர்மன் கார், ஏழு வருடம் பழையது. சிங்கப்பூரில் காருக்கும் ஆயுசு எழுதித்தான் கொடுப்பார்கள். பத்து வருடத்துக்கு சிஓஇ என்று ஒரு சீட்டு. அக்காவின் காருக்கு மீதி மூன்று வருடம். புதிதாக வாங்கினால் அறையையும் என்னையும் சேர்த்து விற்றாலும் டயர்தான் கிடைக்கும். அதனால் பழையது.

சாவி வாங்க ஊபியில் இருக்கும் பழைய கார் விற்கும் கட்டடத்துக்கு மூன்று பேர் போனார்கள். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர் சேதுபதி மாமா, மகன் ரித்திக். மாமா துவாஸ் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு உயரத்தில் எதற்கும் பயப்படாதவர், தரைக்கு வந்தபின் எல்லாவற்றுக்கும் பயப்படுவார். ரித்திக் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை. மழை வருமா என்று கேட்டால்கூட எத்தனை சதவீதம் என்றுதான் பதில் சொல்வான்.

கார் விற்ற பையன் பெயர் டாரியஸ். நம்ம ஆள்தான், தமிழ்ப் பையன். அவன் தலையில் தடவியிருந்த ஜெல்லில் ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் ரித்திக்கைப் பார்த்து ஆரம்பித்தான்.

"ப்ரோ, எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கவர் லா." பிறகு மாமாவைப் பார்த்தான். "அங்கிள், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மாமாவுக்கு ஏற்கெனவே வியர்த்திருந்தது. காசு கொடுத்த ஆளை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார் அக்கா. அந்தத் தளத்தில் இருந்த எல்லாத் தம்பிகளும் திரும்பினார்கள். "வண்டி என் பேர்ல இருக்கு. உன் மூஞ்சியும் கொஞ்சம் என் பக்கம் இருக்கட்டும். இப்பச் சொல்லு, என்ன அது?"

டாரியஸ் திரும்பி உட்கார்ந்து சொன்னான். கம்பெனி கொடுத்த வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இது தனி வாரண்டி, தனிக் காசு. பெரிய பாகம் எது போனாலும் அவர்களே மாற்றித் தருவார்கள். தேய்ந்துபோகிற சாமான், டயர், பிரேக், பேட்டரி கிடையாது. சர்வீஸ் எல்லாம் அவர்கள் வொர்க்ஷாப்பில்தான். சாவி வாங்கிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் கேட்டாலும் கிடைக்காது.

"ஒரு வாரம் இருக்குல்ல? யோசிக்கறேன்," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டார்.

லிஃப்டில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

"ரித்திக், அது பேரப் பாத்தியாடா? வாராண்டி!"

"அம்மா, அது வாரண்ட்டி."

"அதான்டா நானும் சொல்றேன். வாராண்டி, வாராண்டின்னு நம்பி உக்காந்திருந்து, கடைசில அவன் வராம போயி, எத்தன பொண்ணுங்களுக்கு நான் கண்ணத் தொடச்சு வேற மாப்பிள்ளைக்காக மேக்கப் போட்டிருக்கேன் தெரியுமா? பேர்லயே வாராண்டின்னு இருக்கறவன நம்பலாமா?"

லிஃப்டில் கூட வந்த சீனக் கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார். அக்கா பேசினால் தலையாட்டாமல் இருக்க முடியாது.

கேலி செய்தாரே தவிர, அக்கா அதை லேசாக விட்டுவிடவில்லை. ரித்திக் சொன்னதில் நியாயம் இருந்தது.

"அம்மா, வண்டி வாங்கினதுலயே உன் சேமிப்பு முக்காவாசி போயிருச்சு. இந்த மாதிரி வண்டில கியர்பாக்ஸ் போச்சுன்னா, ரிப்பேர் பில்லப் பாத்து நீ திருப்பி வித்துருவ. நீ ஆசப்பட்டது ஆறு மாசத்துல முடிஞ்சு போகும். அதுக்கு வாரண்டி எடுத்துட்டு நிம்மதியா ஓட்டிட்டுப் போயேன்."

"எடுக்க மாட்டேன்னு நான் சொன்னேனா? எதுக்கு எடுக்கறேன்னு தெரிஞ்சு எடுக்கறேன்னு சொல்றேன்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. காலையில் எழுந்ததும் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே போய், கார் பார்க்கில் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் நெற்றியைத் தொடுவது மாதிரி. அந்த ஒரு வாரத்தில் மனிதர் பாதியாக இளைத்தார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சட்டை மட்டும்தான் கீழே போய்விட்டு வந்திருக்கும்.

அதைப் பார்த்துத்தான் அக்கா மனம் இறங்கியது. "சரி, எடுத்துத் தொலைக்கறேன். இந்த மனுஷன் தூங்கினாப் போதும்," என்று என்னிடமே சொன்னார். கடைசி நாள், காத்தோங் பிள்ளையார் கோவிலில் வண்டிக்குப் பூசை. பூசை முடிந்ததும் அப்படியே ஊபிக்குப் போய்க் கையெழுத்து. இதுதான் திட்டம்.

திட்டத்தில் அக்கா தன் கைவேலையைச் சேர்த்தார். கோவிலுக்குப் போகிற பொண்ணை அக்கா வெறும் நெற்றியோடு அனுப்புவாரா? காரின் முன்பக்கம் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னம் ஒன்று உண்டே, அதுதான் நெற்றி என்று முடிவு செய்துவிட்டார். கெட்டிச் சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் தோசை மாதிரி அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே மல்லிகைச் சரத்தை நெற்றிச்சுட்டி மாதிரி தொங்கவிட்டார். நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காருக்கு வெட்கம் வந்தது.

அய்யர் தீபாராதனை காட்டினார். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா வண்டியை ஏற்றி நசுக்கினார். எல்லாம் நல்லபடியாக முடிந்து சிலோன் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் கார் கத்த ஆரம்பித்தது.

சும்மா கத்தல் இல்லை. சிவப்பில் ஒரு முக்கோணம், மஞ்சளில் ஒன்று, இங்கிலீஷில் நான்கு வரி, கூடவே மணிச் சத்தம். காருக்குள் தீபாவளியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்தன.

"கியர்பாக்ஸ் போச்சு!" என்றார் மாமா பின்சீட்டிலிருந்து.

ரித்திக் எட்டிப் படித்தான். "இது கியர்பாக்ஸ் இல்லப்பா. ரேடார் சென்சார் வேலை செய்யலயாம்."

"அய்யோ, அதுவும் போச்சா?"

"அம்மா, நான் சொன்னேன்ல? வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. நேரா டாரியஸ்கிட்ட ஓட்டு. இன்னிக்கே சைன் பண்ணிடுவோம்."

பல கல்யாணங்களில் கரண்டு போய், மாப்பிள்ளை ஓடிப்போய், தாலியே தொலைந்துபோய் எல்லாம் பார்த்த அக்காவுக்கு அன்று முகம் வெளுத்தது. ஆனாலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஊபிக்குப் பக்கம்தானே காக்கி புக்கிட்டு. சிலுவைகிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போவோம்."

சிலுவைராஜ் கார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் லூர்து மாதா கோவிலில் பாடுகிறவன். அவன் மூத்த மகளுக்கு அக்காதான் மேக்கப். வண்டி உள்ளே நுழைந்ததும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், முன்பக்கம் வந்ததும் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

"ஏன்டா சிரிக்கற? என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலக்கா. இந்த வண்டிக்குக் கண்ணே அங்கதான் இருக்கு. நீங்க கண்ணு மேல சந்தனத்த அப்பி வெச்சிருக்கீங்க."

"கண்ணு லைட்டு தானடா?"

"லைட்டு நமக்குக் கண்ணு. முன்னால வண்டி நிக்குதா, ஆளு வர்றாங்களான்னு அது பாக்கறது இந்தச் சின்னத்துக்குப் பின்னாடி இருக்கற ரேடார் வழியாத்தான். கண்ணத் தொறக்க முடியலன்னா கத்தாம என்னக்கா செய்யும்?"

கையில் துணி இருந்தும் அவன் அதைத் தொடவில்லை. "நீங்களே கொஞ்சம் மேல நகத்திக்குங்கக்கா. பானட்டு மேல எங்க வேணாலும் வெச்சுக்கலாம்."

அக்கா பெட்டியைத் திறந்தார். பொண்ணுங்களுக்குக் கண் இமையைத் துடைப்பாரே, அதே பஞ்சு, அதே தண்ணீர். சின்னம் பளிச்சென்று ஆனது. சந்தனமும் குங்குமமும் ஒரு சாண் மேலே குடியேறின. வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஒரு சத்தம் இல்லை.

"சிலுவை, இந்த வாரண்டி எடுக்கலாமாடா?"

"எடுத்தா நிம்மதி. எடுக்கலன்னா காசு மிச்சம், ஆனா ஏதாச்சும் போச்சுன்னா மிச்சமெல்லாம் சேந்து போகும். இந்த வண்டி இன்னிக்கு நல்லா இருக்கு, நாளைக்கு எனக்குத் தெரியாது. நான் ஒண்ணு சொன்னா நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க. நீங்களே பாருங்க."

"சரி. எழுதித் தர்றான்ல, எழுதினதக் கேட்டுட்டுப் போடறேன்."

ஊபியில் டாரியஸ் பேப்பரெல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தான். பக்கத்தில் பேனா. பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான். அக்கா உட்கார்ந்தார். நல்ல மனநிலையில் இருந்ததால், நடந்த கூத்தை அவரே சொல்லிச் சிரித்தார். சந்தனம் அப்பியது, கார் கத்தியது, மாமா அலறியது எல்லாம்.

டாரியஸ் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, அதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. வாரண்டில ஒரு வரி இருக்கு. ஃபாரின் சப்ஸ்டன்ஸ். வண்டி மேல வெளிப்பொருள் பூசினா வாரண்டி செல்லாது."

"என்ன வெளிப்பொருள்?"

"சந்தனம், குங்குமம், பூ... அந்த மாதிரி."

"குங்குமம் வெளிப்பொருளா? ஏன் தம்பி, குங்குமம் நம்ம செராங்கூன் ரோட்டுக் கடைல வாங்கினது. உன் காருதான் ஜெர்மனிலேர்ந்து வந்துச்சு. எதுடா வெளிப்பொருள்?"

ரித்திக் வாயைப் பொத்திக்கொண்டான். டாரியஸ் பேப்பரைத் திருப்பிப் பார்த்தான், பதில் அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

"சரி, அதை விடு," என்றார் அக்கா. "கல்யாணப் பொண்ண ஏத்திட்டுப் போலாம்ல? நாளைக்கே ஒரு பொண்ணு இருக்கு. திவ்யதர்ஷினி, ஜூரோங் வெஸ்ட். காத்தோங்குலதான் கல்யாணம்."

"வாடகைக்கா?"

"சும்மாதான். ஒரு காசு கெடையாது."

"ஆனா உங்க மேக்கப் வேலைக்குத்தானே போறீங்க? அப்ப அது தொழிலுக்கு ஓட்டறது ஆன்ட்டி. அதுவும் இதுல கூடாது."

அக்கா அந்தப் பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைக் கையில் எடுத்தார். மாமா நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இந்தா தம்பி. அந்த ரெண்டு வரிய அடிச்சுடு. பக்கத்துல நீயும் போடு, நானும் கையெழுத்துப் போடறேன். காசு இப்பவே தர்றேன்."

டாரியஸ் நல்ல பையன்தான், மேனேஜருக்குப் போன் போட்டான். போனுக்குள்ளிருந்து 'நோ' என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்த மொழியில் வந்தது. எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஒரு வரி மாற்ற முடியாதாம். எங்களுக்கு என்று சொல்கிறேன், நான் அங்கே இல்லை. ஆனால் அக்கா இதை இதுவரை நூறு தடவை சொல்லியாயிற்று. இப்போது அந்த அறையின் பெயின்ட் நிறம்கூட எனக்குத் தெரியும்.

போனை வைத்த டாரியஸ், உதவி செய்கிற ஆசையில் மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஆன்ட்டி, ரொம்ப சிம்பிள் லா. இப்ப சைன் பண்ணுங்க. பொண்ண ஏத்தறதை யாரு பாக்கப் போறா? எங்க வொர்க்ஷாப்புக்கு வரும்போது மட்டும் பொட்டை அழிச்சிட்டு வாங்க."

ரித்திக் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினான்.

பாவம், பையனுக்குத் தெரியவில்லை. பொட்டை எடுக்கலாம், மாற்றலாம், நகர்த்தலாம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண்ணைப் பார்த்துப் 'பொட்டை அழிச்சிட்டு வா' என்று மட்டும் சொல்லக் கூடாது. எங்கள் ஆட்கள் கலைந்த பொட்டைத் துடைக்கும்போதுகூட வாயால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வாரமாக வாரண்டியைப் பற்றி வாய் திறக்காத மனிதர் எழுந்து நின்றார். கிரேன் எழுந்த மாதிரி இருந்ததாம்.

"தம்பி, என்ன சொன்ன?"

"பொட்டை... அழிச்சிட்டு..."

"நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். உசுரோட. உனக்குத் தெரியுதா இல்லையா?"

"அங்கிள், கார் பொட்டு அங்கிள்! ஆன்ட்டி பொட்டு இல்ல!"

"எந்தப் பொட்டா இருந்தா என்னப்பா? வெச்சது என் பொண்டாட்டி."

"அப்பா, அவன் அந்த அர்த்தத்துல சொல்லல," என்றான் ரித்திக்.

"தெரியும்டா," என்றார் அக்கா. அவர் கோபப்படவே இல்லை. அதுதான் ஆச்சரியம். பேனா மூடியைத் தேடி எடுத்து, மாட்டி, மேசைமேல் வைத்தார். "அவன் நல்லதுக்குத்தான் சொல்றான். ஒளிச்சு வெச்சுக்கோ, கேட்டாப் பொய் சொல்லுங்கறான். நான் ஊரறிய ஒரு பொண்ண அழகு பண்ணி ஊரறியக் கூட்டிட்டுப் போறவ. அந்தப் பொண்ணயும் பொட்டயும் ஒளிச்சு வெச்சுட்டு நான் எதுக்குக் காரு ஓட்டணும்? பஸ்ஸே போதுமே."

"ஆன்ட்டி, இன்னிக்கு விட்டா அப்புறம் கெடைக்காது. கியர்பாக்ஸ் போச்சுன்னா..."

"போனா போகட்டும். இந்த வாரண்டிக் காச நானே தனியா எடுத்து வெக்கறேன். ரிப்பேர் வந்தா நானே வருவேன். எனக்கு நான்தான்டா வாராண்டி!"

மாமா சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "வா தங்கம், போவோம். நாளைக்குப் பொண்ணுக்கு லேட்டாகிடும்." நாளைக்கு நடக்கப்போகிற கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானமே லேட்டாகிவிடும் என்று பயந்தார். பயம் போய்விடவில்லை, பக்கம் மாறிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் ஜூரோங் வெஸ்டில் திவ்யதர்ஷினியை ஏற்றிக்கொண்டு அக்கா கிளம்பினார். தீவின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி. பாதி வழியில் பொண்ணு வழக்கம்போல அழ ஆரம்பித்தது. அக்கா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அழுவு, நல்லா அழுவு. வேணுங்கறத இப்பவே அழுது முடிச்சுரு. இறங்கறதுக்கு முன்னாடி சரி பண்ண நான் இருக்கேன்," என்றார். காத்தோங்கில் இறங்கியபோது அந்தப் பெண் முகத்தில் ஒரு கோடு கலையவில்லை. வண்டியின் பானட்டிலும் பொட்டு அப்படியே இருந்தது.

இத்தோடு கதையை முடித்தால் அக்கா பெரிய புத்திசாலி என்று ஆகிவிடும். அப்படி நடக்கவில்லை.

வண்டி வாங்கி அஞ்சாவது மாசம் கியர்பாக்ஸ் போனது.

வேறு எதுவும் இல்லை, அதேதான். ஒரு கல்யாணம் முடித்து பிஐஇ விரைவுச்சாலையில் திரும்பும்போது வண்டி இரண்டாம் கியரிலேயே நின்றுகொண்டு மேலே ஏற மாட்டேன் என்றது. சைக்கிள்காரன் தாண்டிப்போகிற வேகத்தில் காக்கி புக்கிட் போய்ச் சேர்ந்தார்கள். சிலுவைராஜ் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை, வாரண்டிக்குக் கேட்டதைவிடக் கூடுதல். தனியாக எடுத்து வைத்த காசு போதவில்லை. மாமா தன் சேமிப்பிலிருந்து போட்டார். முகம் சுளித்தார், ஆனால் போட்டார்.

தேக்கா முழுக்க "நாங்க அப்பவே சொன்னோம்" என்றது. அப்போது ஒன்றும் சொல்லாதவர்களும் சொன்னார்கள். கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள்கூட மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அம்மா, கணக்குப் பாத்தா வாரண்டிதான் லாபம்," என்றான் ரித்திக்.

"ஆமாடா, லாபம்தான். யாரு இல்லன்னா? உன் கணக்குல நான் தோத்துட்டேன், எழுதி வெச்சுக்க. எங்க, அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா இந்த வண்டில எத்தன பொண்ணு ஏறியிருக்கும், அதையும் எழுது."

அவன் எழுதவில்லை. நாங்கள் எல்லாம் பட்டறையில் நின்றுகொண்டிருந்தபோது டாரியஸிடமிருந்து போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். போடாவிட்டாலும் கேட்டிருக்கும்.

"ஆன்ட்டி, கேள்விப்பட்டேன். சாரி ஆன்ட்டி. வாரண்டி இருந்திருந்தா இது கவர் ஆகியிருக்கும்."

"ஆகியிருக்கும் தம்பி. ஒத்துக்கறேன். நீ அன்னிக்குப் பொய் சொல்லல." அக்கா காரைப் பார்த்தார். மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள், வயிறு திறந்து கிடந்தது, பானட்டில் போன கல்யாணத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "அது சரி, உனக்கு நிச்சயம் ஆயிருச்சாமே? சிலுவை சொன்னான். உங்க கோவில்லயே கல்யாண ஓலை வாசிச்சாங்களாமே?"

"ஆமா ஆன்ட்டி. ஜூன்ல. செரினான்னு பேரு."

"பொண்ணு வீடு எங்க?"

"பொங்கோல்."

"மேக்கப்புக்கு ஆளு பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல..."

"அப்ப இப்ப பாத்தாச்சு. அந்தப் பொண்ண நான்தான் ரெடி பண்ணுவேன், என் வண்டிலதான் கோவிலுக்குக் கூட்டிட்டு வருவேன். உங்க கவுனுக்கு ஏத்த மாதிரி வெள்ள ரோசாப்பூ கட்டறேன். ஆனா பானட்டுல என் பொட்டு இருக்கும். சம்மதமா?"

அவன் மேனேஜரைக் கேட்கப் போகிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

"சரி ஆன்ட்டி," என்றான் கடைசியில். "இருக்கட்டும்."

அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காருக்கு அடியில் தெரிந்த இரண்டு காலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் சிலுவை! சனிக்கிழம தெம்பனீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஓடணும்."

"ஓட வெச்சுருவேன்க்கா. ஆனா பழைய கியர்பாக்ஸு, மறுபடி போகாதுன்னு நான் கேரண்டி தர முடியாது."

"உங்கிட்ட எவன்டா கேரண்டி கேட்டான்? ஸ்பேனர எடு!"